பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பற்றரி: லாபம் எந்தப் பக்கம்?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. பஞ்சிகாவத்தையில் கடையைப் பூட்டும் நேரம் பார்த்து என் தங்கையின் மகன் வந்து சேர்ந்தார். கையில் ஒரு கோப்பு. உள்ளே படங்கள், கணக்குகள், கையால் கீறிய வரைபடங்கள். வளைகுடாவில் ஏழு வருடம் கராஜ் ஒன்றில் மின்சாரக் கார்களுக்கு வேலை செய்து திரும்பியவர். கைத்தொழில் நன்றாகத் தெரிந்த பிள்ளை. ஊருக்கு வந்த கையோடு சேமிப்பின் பெரும் பங்கைக் கொடுத்து 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்கிவிட்டார். திறந்த கூரையுள்ள, இருவர் அமரும் அந்த ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்தான். அதன் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரும் பற்றரியும் பூட்டப் போகிறாராம். அதைப் பார்த்து வருகிறவர்களின் கார்களையும் மாற்றிக் கொடுத்து, அதையே தொழிலாக்கப் போகிறாராம்.

"நாப்பத்தஞ்சு லட்சம் வேணும் மாமா. உம்மாட பேர்ல ஈக்கிற காணித் துண்ட பேங்குக்கு வெச்சி எடுக்கலாமெண்டு பாக்கிறன். நீங்க ஒரு சொல் சொன்னா உம்மா ஒத்துக்குவா."

முப்பது வருடங்களுக்கு மேலாக மோட்டார் சாமான் விற்பவன் நான். எஞ்சின்களில் சோறு உண்டவன் எஞ்சின் இல்லாத காரைப் பற்றி நல்லதாகச் சொல்வானா என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் ஒன்று 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவுக்கு ஏறியதை நாம் எல்லோரும் கண்டோம். அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்ததையும், கியூ.ஆர். அட்டையில் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து வாங்கியதையும் யாரும் மறக்க முடியாது. அந்த நாட்களில் சத்தமில்லாமல் ஓடிய நிசான் லீப் கார்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே மின்சாரம் நல்லதா கெட்டதா என்று நான் பார்க்கவில்லை. தங்கையின் காணியை வைத்துச் செய்யும் அளவுக்கு இதில் ஒரு வியாபாரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

கோப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று இரவுகள் வாசித்தேன். வெளிநாட்டில் இந்த வேலையைச் செய்தவர்களின் அனுபவங்களையும் தேடிப் படித்தேன். நம்மவர்களிலும் சில இளைஞர்களுக்கு இப்படியான எண்ணம் இருப்பதாக அறிகிறேன். அதனால் படித்ததையும் எனக்குப் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட கார். அதிலிருக்கும் 1.8 லீற்றர் எஞ்சின் நம் நாட்டில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய ஒஸ்டின் ஏ60 கேம்பிரிட்ஜ் எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்தது. கனமான வார்ப்பிரும்பு. அதோடு ரேடியேட்டர், சைலன்ஸர், பெற்றோல் டாங்கி எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். கியர் பொக்ஸை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையே தடித்த அலுமினியத் தகடொன்றை லேத்தில் கடைந்து பொருத்த வேண்டும். இரண்டு அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பிசகு ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குக்கு மேல் போனால் பெயாரிங் தாங்காது. நம்முடைய லேத் பட்டறைக்காரர்களில் நல்லவர்கள் இதைச் செய்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மருமகன் தெரிவு செய்திருப்பது விபத்துக்குள்ளான நிசான் லீப் ஒன்றின் மோட்டார். 80 கிலோவொட், அதாவது நூற்றேழு குதிரை வலு. பழைய எம்.ஜி. எஞ்சினின் வலு தொண்ணூற்றைந்துதான். அதைவிட முக்கியமானது முறுக்கு விசை. மோட்டாரின் விசை எஞ்சினுடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் நின்ற நிலையிலிருந்தே முழுதாக வரும். எஞ்சின் சுற்று ஏற ஏறத்தான் இழுக்கும். மோட்டார் காலை வைத்தவுடனே இழுக்கும். ஓட்டுகிறவருக்கு இது ஆனந்தம். ஐம்பத்தெட்டு வருடம் பழகிய கியர் பல்லுக்கும் பின் அச்சுக்கும் அது ஆனந்தமல்ல. விசையை எலக்ட்ரொனிக் முறையில் கட்டுப்படுத்தாமல் விட்டவர்கள் கியர் பொக்ஸை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனிப் பற்றரி. இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது, நட்டமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோலில் ஒன்பது கிலோவொட் மணி அளவான சக்தி உண்டு. கிலோவொட் மணி என்பது நம் மின்சார பில்லில் வரும் யூனிட்தான். பழைய லீப் காரின் பற்றரி புதிதாக இருந்தபோது கொண்டது 24 யூனிட். அதாவது மூன்று லீற்றர் பெற்றோலுக்கும் குறைவு! எஞ்சின் பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது, மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை என்பதால்தான் இந்த விளையாட்டே சாத்தியமாகிறது. இலேசான காரொன்று நூறு கிலோமீற்றருக்குப் பதினாறு முதல் பதினெட்டு யூனிட் எடுக்கும் என்று வைத்தால், புதிய பற்றரியில் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர் ஓடலாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 115 கிலோமீற்றர், அதில் கடுகண்ணாவ ஏற்றம் வேறு. ஆனால் இங்கே கிடைப்பது புதிய பற்றரியல்லவே. அறுபது சதவீதத்துக்கு இறங்கியது என்றால் எழுபது, எழுபத்தைந்து கிலோமீற்றரில் வண்டி நிற்கும்.

அமெரிக்காவில் இந்த வேலை பல பத்து வருடங்களாக நடக்கிறது. அங்கே இதற்குப் பேர்போன கார் போர்ஷே 914. 1969 முதல் 1976 வரை செய்யப்பட்டது. எஞ்சின் நடுவில். முன்னாலும் பின்னாலும் இரண்டு டிக்கி இருப்பதால் பற்றரிகளைப் பிரித்து வைத்துப் பாரத்தைச் சமப்படுத்தலாம். எடை ஒரு தொன்னுக்குள். எஞ்சின் காற்றால் குளிர்வது, ஆகவே ரேடியேட்டர் தொல்லையும் இல்லை. பிரேக்குக்கு எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலும் தேவையில்லை. அந்தக் காலத்தில் கோல்ஃப் வண்டிகளுக்குப் போடும் ஈயப் பற்றரிகளை அதில் நூற்றுக்கணக்கான கிலோ அடுக்கினார்கள். அதற்கேற்ப ஸ்பிரிங்குகளையும் மாற்றினார்கள். 2000களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் அதே ரகக் காருக்கு லித்தியம் பற்றரி பூட்டினார்கள். இந்தக் கார்களைச் செய்தவர்களில் பெரும்பாலோர் வார இறுதியில் தம் வீட்டுக் கராஜில் வேலை செய்த பொழுதுபோக்காளர்கள். வியாபாரிகள் குறைவு. அவர்களுக்கு மாற்றுவதற்கான சாமான்களைப் பெட்டியாகக் கட்டி விற்ற சிறு நிறுவனங்கள்தாம் வியாபாரம் செய்தன. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பெரிய நிறுவனமும் இறங்கிப் பார்த்தது. இங்கிலாந்தின் ஜாகுவார் 2017 செப்டம்பரில் 1968ஆம் ஆண்டு ஈ-டைப் கார் ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. 220 கிலோவொட் மோட்டார், 40 யூனிட் பற்றரி, 270 கிலோமீற்றர் ஓடும் என்று கணக்கு. பழைய எஞ்சினின் அளவுக்கும் எடைக்கும் ஒத்தபடி பற்றரியைச் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். மொத்தத்தில் கார் முன்னையதைவிட 46 கிலோ இலேசானது. வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய எஞ்சினையே திரும்பப் பூட்டலாம் என்பது அதன் சிறப்பு. 2018 மே மாதம் இளவரசர் ஹரி தம் திருமண நாளில் மனைவியோடு அந்தக் காரில் போனதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இதைவிடப் பெரிய விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்? அந்த வருடமே வாடிக்கையாளர்களுக்கும் செய்து கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். 2019 முடிவதற்குள் அத்திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

காரைச் செய்த கம்பனி, அசல் வரைபடங்கள் கையில், பணக்கார வாடிக்கையாளர்கள் வாசலில். அவர்களே அந்தப் பாதையில் தொடரவில்லை என்பதை மருமகனிடம் காட்டினேன். அவர் சளைக்கவில்லை. "அது பெரிய கம்பனி மாமா, செலவும் பெரிசு. சின்ன கராஜ்காரங்க இண்டைக்கும் செய்றாங்கதானே" என்றார். அதுவும் உண்மைதான். இங்கிலாந்தில் எலக்ட்ரொஜெனிக் போன்ற சிறு நிறுவனங்கள் போர்ஷே 911, ஈ-டைப் போன்ற கார்களுக்கு அப்படியே இறக்கிப் பூட்டக்கூடிய தொகுதிகளை விற்கின்றன. ஆனால் லூனாஸ் என்ற நிறுவனத்தின் கதையையும் நான் சொன்னேன். 2018இல் தொடங்கி, பழைய ரோல்ஸ் ரொய்ஸ், பென்ட்லி, அஸ்டன் மார்ட்டின் கார்களை மின்சாரத்துக்கு மாற்றிப் பேர் எடுத்தார்கள். சில வருடங்களில் குப்பை லொறிகளை மாற்றும் வேலைக்கும் இறங்கினார்கள். குப்பை லொறி ஒவ்வொரு நாளும் ஓடும், நின்று நின்று ஓடும், எரிபொருளைக் குடிக்கும். கணக்குப் போடத் தெரிந்தவன் அந்தப் பக்கம் போவதில் என்ன அதிசயம்?

பழைய காரின் பெறுமதியையும் பார்க்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபீவா 2019இல் வெளியிட்ட நிலைப்பாடு தெளிவானது. எஞ்சினை எடுத்து மின்சாரம் பூட்டினால் அது இனி வரலாற்று வாகனமாகக் கருதப்படாது. மாற்ற விரும்புகிறவர்கள் பழையபடி திருப்பக்கூடிய விதத்தில் செய்து, கழற்றிய பாகங்களைப் பாதுகாத்து வையுங்கள் என்பது அவர்களின் ஆலோசனை. நம் நாட்டிலும் பழைய ஆங்கிலக் கார் வாங்குகிறவர் எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் குனிந்து பார்ப்பார். அந்த எஞ்சினையே எடுத்துவிட்டால் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

இனி என் கணக்கு. காசோலைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். எம்.ஜி. போன்ற காரை யாரும் தினம் ஓட்டுவதில்லை. மழைக்கு ஓட்ட முடியாது, நெரிசலில் ஓட்ட மனம் வராது. வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீற்றர் என்பதே தாராளம். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்றால் முந்நூறு லீற்றர். 2022 ஜூனில் இருந்த 470 ரூபா விலையைப் போட்டாலும் ஒரு இலட்சத்து நாற்பத்தோராயிரம். மின்சாரம் இனாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து இலட்சத்தை இந்தச் சேமிப்பால் மீட்க முப்பத்திரண்டு வருடம் வேண்டும். பேங்க் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. பற்றரி அதற்குள் எத்தனை தடவை சாகும் என்பதையும் சேர்க்கவில்லை.

இப்போது என் கடைக்கு வரும் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நூறு கிலோமீற்றர், வருடத்துக்கு முந்நூறு நாள் ஓடுகிறார். லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் என்பது அவர் சொன்ன கணக்கு. வருடம் ஆயிரத்து இருநூறு லீற்றர். விலை முந்நூறு ரூபாவாக இருந்தாலும் மூன்று இலட்சத்து அறுபதாயிரம். இவருக்குத்தான் மின்சாரம் தேவை. 2022 நெருக்கடிக்குப் பின் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டமொன்று இங்கே தொடங்கப்பட்டதற்கும் இதுதான் காரணமாயிருக்க வேண்டும்.

மருமகன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறவன் பெற்றோல் காசப் பாப்பானா மாமா? அவன் ஆசைக்குத் தாறான். ஆசைக்குத்தான் நல்ல வெல" என்றார். நியாயமான பேச்சு. கைக்கடிகாரக் கடைக்காரரிடம் கேட்டாலும் அதையே சொல்வார். நான் கேட்டது ஒன்றுதான். அந்த ஆசைக்காரர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? பெயர்களை எழுதிக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒரு கிழமை அலைந்து மூன்று பெயர்கள் கொண்டுவந்தார். அதில் இருவர் "முதலில் உங்கள் காரை ஓட்டிப் பார்க்கிறோம்" என்றவர்கள். முற்பணம் தருவதாகச் சொன்னவர் எவருமில்லை.

இந்த இடத்தில் என் சொந்த நட்டமொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். 2023இல் லீப் பற்றரிகள் இரண்டை வாங்கி வைத்தேன். வீட்டு சோலருக்குப் பூட்டுகிறவர்களும் மற்ற லீப்காரர்களும் வாங்குவார்கள் என்று எண்ணம். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். லீப் காரின் டேஷ் போர்டில் பற்றரியின் நலத்தைக் காட்டப் பன்னிரண்டு கோடுகள் உண்டு. எனக்குக் காட்டிய இரண்டிலும் பன்னிரண்டும் எரிந்தன. நான் மகிழ்ந்துபோனேன். பற்றரியின் கணினியை ரீசெட் செய்தால் செத்த பற்றரியும் சில கிழமைக்குப் பன்னிரண்டு கோடு காட்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. வாங்கியவர் ஒரு மாதத்தில் திரும்பி வந்தார், கோடு எட்டுக்கு விழுந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? கடையின் பெயர் இருக்கிறதே.

அதற்குப் பிறகு படித்துக்கொண்டேன். முதல் கோடு விழும்போதே பற்றரியில் பதினைந்து சதவீதம் போயிருக்கும். லீப் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, வெப்பமான இடங்களில் அது சீக்கிரம் தேயும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்திலுள்ள சொந்தக்காரர்கள் 2012இலேயே முறைப்பாடு செய்யத் தொடங்கிவிட்டார்கள். நம் வெயிலும் சளைத்ததல்ல. ஒரு பற்றரிக்குள் நாற்பத்தெட்டுப் பெட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் ஒரே அளவில் தேய்வதில்லை. நாலைந்து பெட்டி கெட்டால் முழுப் பற்றரியும் கெட்டதுபோல நடக்கும். திறந்து, ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி அளந்து, ஒரே தரத்தவற்றைச் சேர்த்துக் கட்டத் தெரிந்தவனுக்கு அங்கே ஒரு தொழில் காத்திருக்கிறது. 'லீப் ஸ்பை' என்ற கைத்தொலைபேசிச் செயலியும் காரில் செருகும் சிறு கருவியும் இருந்தால் உள்ளே நடப்பதை ஓரளவு வாசிக்கலாம். அதையும் ஏமாற்றலாம் என்பதால் ஓட்டிப் பார்த்து அளப்பதே நிச்சயம்.

மருமகன் வளைகுடாவில் ஏழு வருடம் செய்தது இந்த வேலையைத்தான்! அதை ஏதோ சாதாரண விடயம் போலக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தார்.

பஞ்சிகாவத்தையில் நாம் கண்டது என்ன? கார் விற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் கார் விற்பனைக்காரர்கள் பட்டபாடு தெரியும். சாமான் விற்ற நாம் நின்றோம். பழைய கார்கள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றுக்குச் சாமான் தேவைப்பட்டது. எம்.ஜி.பி. உற்பத்தி 1980இல் நின்ற பிறகும், இங்கிலாந்தில் 1988 முதல் அதன் முழுப் பொடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். போர்ஷே 914க்குப் பெட்டி கட்டி விற்றவர்களைப் பற்றி மேலே சொன்னேனல்லவா, அவர்களும் இந்த இனம்தான். மருமகன் செய்யப்போகும் அந்த அலுமினியத் தகடு, பற்றரிப் பெட்டி, பிரேக்குக்கான வெற்றிட பம்ப், உயர் வோல்ட் கேபிள் ஆகியவற்றை மற்ற கராஜ்களுக்கு விற்பவனாக அவர் ஆனால் நான் பணம் போடத் தயார். முழுக் காரையும் மாற்றி விற்பவராக என்றால் மாட்டேன். இதுதான் நான் எடுத்த நிலை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. லீப் பற்றரி 360 வோல்ட் நேர் மின்னோட்டம். வீட்டு மின்சாரம் அடித்தால் பிழைத்தவன் உண்டு. இது தரும் இரண்டாவது சந்தர்ப்பம் மிகக் குறைவு. கேபிள் கழன்றால் வரும் பொறி இலேசில் அணையாது. பற்றரி நசுங்கித் தீப்பிடித்தால் அந்தத் தீயும் அப்படித்தான், அணைந்ததுபோல் இருந்து மறுபடியும் பற்றும். எம்.ஜி.பி. போன்ற கார்களுக்குத் தனிச் சட்டகம் இல்லை. பொடியே சட்டகம். கதவுக்குக் கீழே உள்ள தகடுகளில் துரு ஏறியிருந்தால் அதன்மேல் பற்றரியின் பாரத்தை ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதை வெல்டிங் தெரிந்த எவரும் சொல்வார். துரு பிடித்த காருக்குப் பெயின்ட் அடித்து விற்கும் வழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பதிவு, காப்புறுதி இரண்டும் மருமகனின் கோப்பில் அறவே இல்லை. நம் வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதியப்பட்டிருக்கின்றன. இரண்டும் மாறும்போது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும். காப்புறுதிக் கம்பனியின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். வாயால் "பிரச்சினை இல்லை" என்று சொன்னவர் விபத்து நடந்த அன்று தொலைபேசியை எடுக்க மாட்டார். பிரான்ஸ் 2020 மார்ச்சில் இதற்கென்றே ஒழுங்குவிதி கொண்டுவந்தது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட கார்களை, அங்கீகாரம் பெற்ற கராஜ்களில், அங்கீகாரம் பெற்ற தொகுதி கொண்டு மாற்றலாம் என்று வழி வகுத்தது. ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக அலையத் தேவையில்லை, ஒரு தொகுதிக்கு ஒரு தடவை அனுமதி எடுத்தால் போதும். நம் அதிகாரிகள் இதை அப்படியே பார்த்து எழுதினாலும் எனக்கு ஆட்சேபமில்லை. மோட்டார் வர்த்தகச் சங்கங்கள் தீர்வைக் குறைப்புக்கு மட்டும் மகஜர் கொடுக்காமல் இதற்கும் ஒன்று கொடுத்தால் என்ன?

மூன்றாவது கிழமை தங்கையின் வீட்டில் பகல் சாப்பாட்டுக்குப் பின் இருந்து பேசினோம். தங்கை ஒன்றும் பேசவில்லை. மகனின் தட்டில் சோறு போடுவதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "நானா, காணி போகுமா?"

நான் மருமகனைப் பார்த்தேன். அவர் சிறிது நேரம் கழித்து, "இல்ல உம்மா, காணி வேணாம்" என்றார்.

என் ஸ்டோரின் பின்பக்க அறையை ஆறு மாதத்துக்கு வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறேன். பற்றரி அளக்கும் கருவிகளுக்கும், இரப்பர்க் கையுறை முதலான பாதுகாப்புச் சாமான்களுக்கும் எட்டு இலட்சம் என் பணம். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு, எழுத்தில். முதல் மாதத்தில் ஏழு லீப் பற்றரிகள் வந்திருக்கின்றன. அதில் இரண்டு, திறந்து பார்த்துவிட்டு "இதற்குச் செலவழிக்காதீர்கள்" என்று திருப்பி அனுப்பியவை. எம்.ஜி. காரை அவர் தம் சொந்த வேலையாக, இரவில், கைக்கு வரும் பணத்தில் செய்யட்டும். அனுமதிக் கடிதம் வரும்வரை பொடியில் ஒரு துளைகூடப் போடுவதில்லை என்பது நிபந்தனை.

ஆர்வத்தில் முன்கூட்டியே கழற்றிவிட்ட அந்த எஞ்சின் இப்போது என் ஸ்டோரில் ஒரு மரப் பலகைமேல் இருக்கிறது. கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, இலக்கம் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறோம். இதற்குள் இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள். விற்பதற்கில்லை என்று சொல்லி அனுப்பினேன்.